நியூகாசில் முதல் போர்ன்மத் வரை: ரயிலா, ரசிகர் பேருந்தா?

இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்தில் வெளியூர் ரசிகருக்கான டிக்கெட் விலை 2016-17 பருவத்திலிருந்து 30 பவுண்டைத் தாண்டக் கூடாது. அப்புறம் காசு எங்கே கரைகிறது? பயணத்தில்தான். வடக்கே இருக்கும் நியூகாசிலின் ரசிகர் தென்கரையிலுள்ள போர்ன்மத் போக ஒரு வழிக்கே சுமார் 560 கிலோமீட்டர்.

ரயில் வேகம்தான். ஆனால் லண்டன் கிங்ஸ் கிராஸில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு சுரங்க ரயிலில் வாட்டர்லூ போய், அங்கே இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். முன்கூட்டியே எடுத்தால்தான் கட்டணம் கட்டுப்படியாகும். அந்த மலிவு டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. இதற்கிடையே தொலைக்காட்சிக்காக சனிக்கிழமை ஆட்டத்தைத் திங்கள் இரவுக்கு மாற்றிவிடுவார்கள். ஆட்டம் முடியும்போது ஊர் திரும்ப ரயில் இருக்காது. விடுதி வாடகையும் தலையில் விழும்.

ரசிகர்களுக்கென்றே ஏற்பாடு செய்யும் பேருந்தில் இடுப்பு ஒடியும், விடியுமுன் கிளம்ப வேண்டும். 1985 சட்டப்படி வண்டிக்குள் பீர் கூடாது (சிலருக்கு இதுதான் பெரிய குறை!). ஆனால் ஆட்டம் தள்ளிப்போனால் வண்டியும் கூடவே தள்ளிப்போகும். மைதானத்துப் பக்கத்திலேயே இறக்கி ஏற்றும். என் ஓட்டு பேருந்துக்கே. லண்டனில் ஆட்டம் என்றால் மட்டும் ரயில்.