14 நாள் சர்க்கரை சென்சார்: சேலம் வெயிலிலும் ஏற்காட்டு மலையிலும் மகளுக்குப் போட்டுப் பார்த்த அனுபவம்

என் மகளுக்குப் பத்து வயது. டைப் 1 சர்க்கரை என்று தெரிந்து மூன்று வருஷம் ஆகிறது. இனிப்பு நிறைய கொடுத்தீங்களா என்று இன்னும் கேட்கிறார்கள், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்: மிட்டாய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிட்டது. வெளியிலிருந்து இன்சுலின் போட்டே ஆக வேண்டும், நாட்டு மருந்து கொடுத்து ஊசியை நிறுத்துகிற பேச்சுக்கே இடமில்லை.

ஆறு மாதமாக மேல்கையின் பின்பக்கம் ஒட்டுகிற சென்சார் போடுகிறோம். பெரிய கோட்டுப் பட்டன் மாதிரி இருக்கும், அதிலிருந்து முடி போல ஒரு மெல்லிய இழை தோலுக்குள் போகும். ஒட்டும்போது சுருக்கென்று ஒரு நொடி, அவ்வளவுதான் என்று அவளே சொல்கிறாள். ஒரு மணி நேரம் கழித்து எண் வர ஆரம்பித்து 14 நாள் வரும். சர்க்கரை இறங்கினால் போன் அலறும்.

எண்ணைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பக்கத்தில் காட்டும் அம்புக்குறி. மே மாதம் ஏற்காடு பஸ்ஸில் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவில் பன்னிரண்டோ பதின்மூன்றோ தாண்டியதும் "அம்மா, தலை சுத்துது" என்றாள். முன்பென்றால் அந்த ஆட்டத்தில் விரலைக் குத்தி, ரத்தம் ஸ்ட்ரிப்பில் படாமல் தடுமாறியிருப்பேன். போனைப் பார்த்தேன், 142, அம்பு நேராகப் படுத்திருக்கிறது, அதாவது ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. சரி, இது பஸ் மயக்கம்தான், எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தாள்.

அதே நாள் ஏரியிலிருந்து லேடீஸ் சீட் பக்கம் நடந்தபோது குழந்தை நன்றாகத்தான் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள், ஆனால் 118-ல் அம்பு செங்குத்தாகக் கீழே. அப்படியென்றால் நிமிஷத்துக்கு 2-க்கு மேல் இறங்குகிறது என்று அர்த்தம். விரலில் பார்க்கும் மெஷின் 118 என்று மட்டும்தான் சொல்லியிருக்கும், நானும் நிம்மதியாக நடந்திருப்பேன். அங்கேயே ஒரு கல்லில் உட்கார வைத்தும் 70-க்குக் கீழே போய்விட்டது. மூன்று ஸ்பூன் குளுக்கோஸ், ஏறக்குறைய 15 கிராம், தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டு 15 நிமிஷம் பொறுத்துப் பார்த்தால் சென்சாரில் இன்னும் 66. எனக்குக் கை நடுங்கிவிட்டது. விரலில் குத்தினேன், 94. சென்சார் ரத்தத்தைப் பார்ப்பதில்லை, செல்களுக்கு நடுவே இருக்கிற நீரில்தான் அளக்கிறது, அதனால் வேகமாக ஏறி இறங்கும்போது ஐந்து பத்து நிமிஷம் பின்தங்கித்தான் சொல்லும். இது தெரியாமல் இன்னும் மூன்று ஸ்பூன் கொடுத்திருந்தால் சாயந்திரம் 300-ல் நின்றிருப்பாள்.

வீட்டுச் சாப்பாட்டிலும் கண் திறந்தது. ஜவ்வரிசி உப்புமா எங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கும், சேலத்தில் ஜவ்வரிசிக்குக் கேட்கவா வேண்டும். சாப்பிடுமுன் 110, இரண்டு மணி நேரம் கழித்து 160, பரவாயில்லை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தோம். நடுவில் 290 வரை போய் வருகிறது என்பதைச் சென்சாரின் கோடுதான் காட்டியது. டாக்டரிடம் அந்தக் கோட்டைக் காட்டினோம், சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்பே ஊசி போடச் சொன்னார், உப்புமாவின் அளவையும் குறைக்கச் சொன்னார். இப்போது 200-ஐத் தாண்டுவது அபூர்வம். தட்டுவடை செட்டையும் நிறுத்தவில்லை, எண்ணி இரண்டு செட், கணக்குப் போட்டு ஊசி.

குறைகளும் உண்டு. ஏப்ரல் வியர்வையில் ஓரம் பிரிகிறது, மேலே ஒட்டத் தனியாக ஒரு பிளாஸ்திரி வாங்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றே ஒட்டினேன், மூன்றாம் நாள் கழன்று விழுந்தது. தோலில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது. இன்னொன்று, அந்தக் கையின் மேலேயே படுத்துத் தூங்கினால் அழுத்தத்தில் பொய்யாகக் குறைத்துக் காட்டும். விடியற்காலை மூன்று மணிக்கு 55 என்று அலறியதும் ஓடிப்போய் விரலில் பார்த்தால் 121. என் மாமியார் சர்க்கரை டப்பாவும் கையுமாக நிற்கிறார், "கண்ணு, எந்திரி சாமி" என்று. அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் விடிந்துவிட்டது.

விலைதான் பெரிய தடை. ஒன்று எங்களுக்கு 5,000 ரூபாயை ஒட்டி ஆகிறது, மாதத்துக்கு இரண்டு, இன்சுலினும் ஸ்ட்ரிப்பும் தனி. எல்லோராலும் முடியாது, எங்களாலும் சில மாதம் முடிவதில்லை. அந்த மாதிரி வீடுகளுக்கு நான் சொல்வது, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று போட்டு, அந்த 14 நாளும் சாப்பாடு, ஊசி, விளையாட்டு எல்லாவற்றையும் நோட்டில் எழுதி டாக்டரிடம் கொண்டுபோங்கள். விரலில் குத்தும் மெஷினை மட்டும் பையிலிருந்து எடுத்துவிடாதீர்கள், குழந்தை சொல்வதும் சென்சார் சொல்வதும் ஒத்துப்போகாத நேரத்தில் அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.