குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்கும் முன் சம்பவப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள்

பகல்நேரக் காப்பகத்தில் குழந்தையைச் சேர்க்கவிருக்கும் பெற்றோரும், ஏற்கெனவே சேர்த்திருப்பவர்களும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வண்ணம் தீட்டிய சுவர்களும், வாசலில் கண்காணிப்புக் கேமராவும், 'குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை' என்று தலைப்பிட்ட தடித்த கோப்பும் இருந்த ஓர் இடத்தில்தான் இரண்டரை வயதான என் மகளுக்குக் காயம் ஏற்பட்டது. காயத்தைக் காட்டிலும், அதைப் பற்றிக் கேட்கப்போன பிறகு அந்த நிர்வாகம் நடந்துகொண்ட விதமே என்னை எழுத வைத்திருக்கிறது. முறையீடு இன்னும் விசாரணையில் இருப்பதால் காப்பகத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

ஒரு நாள் மாலை வீட்டுக்கு அழைத்துவந்து உடை மாற்றிவிடும்போது, அவளுடைய இடது மேற்கையின் உட்புறத்தில் மூன்று சிறிய கன்றிய தடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதையும், கையின் மறுபுறத்தில் சற்றுப் பெரிய தடம் ஒன்று இருப்பதையும் கண்டேன். பெரியவர் ஒருவர் குழந்தையின் கையை இறுகப் பற்றினால் விரல்களும் கட்டைவிரலும் எங்கே பதியுமோ, சரியாக அங்கேயே அவை பதிந்திருந்தன. குழந்தையை என்னிடம் ஒப்படைத்த பணியாளர் அன்று எதுவும் நடந்ததாகச் சொல்லவில்லை. எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்கவில்லை. உடனே தொலைபேசியில் கேட்டபோது, "ஊஞ்சல்ல இருந்து விழுந்திருப்பா மேடம்" என்றார் அவர். மறுநாள் நேரில் சென்று கேட்டபோது, வேறொரு குழந்தை கையைப் பிடித்து இழுத்துவிட்டதாக மேலாளர் சொன்னார். இரண்டு விளக்கங்களும் பொருந்தவில்லையே என்று நான் சுட்டிக்காட்டியதற்கு, "குழந்தைன்னா அடிபடத்தான் செய்யும் மேடம், முதல் குழந்தைங்கறதால நீங்க ரொம்ப பயப்படுறீங்க" என்ற பதில்தான் கிடைத்தது.

அடிபடத்தான் செய்யும் என்பது உண்மையே. ஆனால் விளையாட்டில் படும் அடி எங்கே படும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதை, தடங்களைக் கண்ட அன்று மாலையே அவளைப் பரிசோதித்த குழந்தைநல மருத்துவர் விளக்கினார். நடக்கவும் ஓடவும் தொடங்கிய குழந்தைகள் விழும்போது முழங்கால், முழங்காலுக்குக் கீழே முன்புறம், நெற்றி, முகவாய் என எலும்பு துருத்தியிருக்கும் இடங்களில்தான் பெரும்பாலும் கன்றிப்போகும். காது, கழுத்து, மார்பு, வயிறு, பிட்டம், மேற்கையின் உட்புறம் ஆகியவை விழும்போது எளிதில் அடிபடாத, சதைப்பற்றான அல்லது மறைவான இடங்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடற்பகுதியிலோ காதிலோ கழுத்திலோ தக்க விளக்கம் இல்லாமல் கன்றல் இருந்தால் அதை ஆராய்ந்தே தீர வேண்டும் என்பதும், இன்னும் தவழக்கூடத் தொடங்காத கைக்குழந்தையின் உடலில் கன்றல் எங்கே இருந்தாலும் அதை அலட்சியம் செய்யக் கூடாது என்பதும் மருத்துவர்கள் பின்பற்றும் நெறிகள். தடத்தின் நிறத்தை வைத்து அது எத்தனை நாள் பழையது என்று திட்டமாகச் சொல்லிவிட முடியாது என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். "மஞ்சளா இருக்கு பாருங்க, இது வீட்டுலயே முன்னாடி பட்டிருக்கும்" என்று மேலாளர் மறுநாள் சொல்ல முற்பட்டபோது அந்தத் தகவல் எனக்குக் கைகொடுத்தது.

சம்பவப் பதிவேட்டைக் காட்டுமாறு கேட்டேன். வெகுநேரம் காத்திருக்க வைத்த பிறகு கோடு போட்ட நீள நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்தார்கள். என் மகளின் பெயருக்கு நேராக, காலை 11.15 மணி, இடம் தோட்டம், காயம் லேசானது என்று எழுதப்பட்டிருந்தது. பார்த்தவர் யார் என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது. முதலுதவி என்ற கட்டம் காலியாக இருந்தது. பெற்றோருக்குத் தெரிவித்த நேரம் என்ற இடத்தில் மாலை என்று மட்டும் போட்டு, அதற்குப் பக்கத்தில் என் கையெழுத்துக்கான இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்கள். முந்தைய நாளின் தேதியிட்டு நான் அதில் கையெழுத்திட வேண்டுமாம். அந்த முந்தைய நாள் முழுவதும் மழை. குழந்தைகளை வெளியே விடவில்லை என்று காப்பகமே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எழுதி, உள்ளறையில் அவர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கும் படத்தையும் 11 மணிக்குப் பிறகு போட்டிருந்தது. அந்தப் படத்தின் ஓரத்தில் என் மகளும் இருந்தாள். படத்தை மேலாளரிடம் காட்டினேன். அவர் பதிவேட்டை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார். நான் கையெழுத்திடவில்லை.

மூடுவதற்கு முன் இன்னொன்றையும் கவனித்தேன். எங்கள் பதிவுக்கு முந்தைய பதிவு பல மாதங்களுக்கு முன்னால் எழுதப்பட்டதாக இருந்தது. தத்தித் தத்தி நடக்கும் வயதில் அத்தனை குழந்தைகள் நாள் முழுவதும் இருக்கும் இடத்தில் மாதக்கணக்கில் ஒருவர்கூட விழவில்லை, ஒருவரை ஒருவர் கடிக்கவில்லை, யாருக்கும் மூக்கில் ரத்தம் வரவில்லை என்பதை எந்தப் பெற்றோராலும் நம்ப முடியாது. காலியான பதிவேட்டைப் பெருமையாகக் காட்டும் காப்பகத்தைக் கண்டால்தான் நாம் பயப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒழுங்காக நடக்கும் இடத்தில் சிறு சிராய்ப்புக்கும் ஒரு வரி இருக்கும்: எப்போது, எங்கே, யார் பார்த்தார்கள், என்ன முதலுதவி செய்தார்கள், உடல் வரைபடத்தில் எந்த இடத்தில் குறி, பெற்றோருக்கு யார் எப்போது சொன்னார்கள், பெற்றோரின் கையெழுத்து. காலையில் குழந்தை வரும்போதே உடலில் இருக்கும் காயத்தையும் அவர்கள் குறித்து வைப்பார்கள். அது பெற்றோரைச் சந்தேகிப்பதாகாது. காயம் வீட்டில் பட்டதா காப்பகத்தில் பட்டதா என்ற கேள்விக்குப் பிறகு யாரும் ஊகித்துப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போகும். மேலும், ஒவ்வொன்றாகப் பார்த்தால் அற்பமாகத் தோன்றும் காயங்கள், ஒரே பணியாளரின் பொறுப்பிலோ ஒரே நேரத்திலோ மீண்டும் மீண்டும் ஏற்படுகின்றனவா என்பதைப் பதிவேட்டைத் தொடர்ந்து படிக்கும் ஒருவரால்தான் கண்டுகொள்ள முடியும். எழுதாத இடத்தில் அப்படிக் கண்டுகொள்ள வழியே இல்லை.

கொள்கைக் கோப்பின் நகலை எழுத்துமூலம் கேட்டு வாங்கிப் படித்தபோது மனம் உடைந்துபோனது. பாதிக்கு மேல் சென்றபோது ஒரு பக்கத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயர் அப்படியே நின்றது. எங்கிருந்தோ எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், எல்லா இடத்திலும் மாற்ற மறந்திருக்கிறார்கள். குழந்தைப் பாதுகாப்புக்கான பொறுப்பு அலுவலர் என்று அதில் குறிப்பிடப்பட்டிருந்தவர் வேலையை விட்டுப் போய் நெடுநாளாகிவிட்டது என்பது பணியாளர் ஒருவரிடம் பேசியபோது தெரிந்தது. அவருக்குப் பதிலாக யாரும் நியமிக்கப்படவில்லை. மேலாளர் மீதே புகார் என்றால் யாரிடம் செல்வது என்பதற்கு அந்தக் கோப்பில் ஒரு வரிகூட இல்லை. 1989-ஆம் ஆண்டு நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 3-ஆவது பிரிவு, குழந்தைகளைப் பராமரிக்கும் நிறுவனங்கள் பாதுகாப்பு, சுகாதாரம், பணியாளர்களின் எண்ணிக்கை, அவர்களின் தகுதி, முறையான மேற்பார்வை ஆகியவற்றில் உரிய அமைப்புகள் வகுத்த தரங்களுக்கு உட்பட்டு நடக்க வேண்டும் என்கிறது. பராமரிப்பில் இருக்கும் குழந்தையை எல்லாவகை வன்முறையிலிருந்தும் காப்பதைப் பற்றி அதன் 19-ஆவது பிரிவு பேசுகிறது. இவற்றை எல்லாம் முன்னுரையில் அழகாக எடுத்தாண்டிருந்த அதே கோப்புதான் இது.

சேர்க்கையின்போது, பணியாளர் அனைவருக்கும் குற்றப் பின்னணி சரிபார்க்கப்பட்டிருப்பதாக உறுதியளித்தார்கள். அது உண்மையாகவே இருந்தாலும் போதாது. ஏற்கெனவே பிடிபட்டவரைத்தான் அந்தச் சரிபார்ப்பு காட்டிக்கொடுக்கும். 2009-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில், மழலையர் காப்பகப் பணியாளர் ஒருவர் தம் பொறுப்பில் இருந்த குழந்தைகளைத் துன்புறுத்தி அதைக் கைபேசியில் படமெடுத்தது வெளியானபோது, அவரது பின்னணிச் சான்றில் எந்தக் கறையும் இல்லை என்பதும் சேர்ந்தே வெளியானது. அவருடைய நடத்தை உடன் பணியாற்றியவர்களுக்கு உறுத்தியிருக்கிறது. தட்டிக்கேட்கும் துணிவோ, அதற்கான வழியோ அங்கே இல்லாமல் போயிற்று என்பதை மறு ஆண்டு வெளிவந்த ஆய்வறிக்கை எடுத்துக்காட்டியது. பணியாளர்களின் கைபேசிகளை வகுப்பறைக்கு வெளியே பூட்டி வைக்கும் விதி பல இடங்களில் கடுமையானதற்கு இந்த வழக்கு முக்கியமான காரணம். ஆகவே சான்றிதழோடு நிற்காமல், முந்தைய பணியிடத்தில் நேரடியாக விசாரித்தார்களா, வேலையில் இடைவெளி இருந்தால் அதற்குக் காரணம் கேட்டார்களா, ஒரு பெரியவர் தனியே ஒரு குழந்தையுடன் மூடிய அறையில் இருக்க நேராதபடி கதவுகளில் கண்ணாடி வைத்திருக்கிறார்களா, உடை மாற்றும் இடம் மற்றவர் பார்வைக்கு எட்டுகிறதா என்று கேளுங்கள். என் மகளின் வகுப்பில் ஓய்வு நேரத்தில் ஒரே ஒரு பணியாளர்தான் இருப்பார் என்பதும், அப்போது கதவு சாத்தப்பட்டுவிடும் என்பதும் எனக்குக் காயத்துக்குப் பிறகே தெரியவந்தன. மழை நாளின் படம் போட்ட பணியாளரும் தம் சொந்தக் கைபேசியில்தான் எடுத்திருந்தார்.

எழுத்தில் முறையீடு கொடுத்த பிறகு காப்பகம் செய்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பெற்றோர் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். சம்பந்தப்பட்ட பணியாளரை விசாரணை முடியும்வரை குழந்தைகளிடமிருந்து விலக்கி வைக்கக் கேட்டேன். அவர் குற்றவாளி என்று முடிவு கட்டுவதாகாது அது, குழந்தைகளுக்கும் அவருக்கும் ஒருசேரப் பாதுகாப்பு. மறுத்துவிட்டு, அவரையே அழைத்துவந்து என் மகளின் எதிரே நிறுத்தி, "அக்கா உன்னை அடிச்சாங்களா, சொல்லு" என்று மேலாளர் கேட்டார். என் மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதன்பின், பரஸ்பர நம்பிக்கை குலைந்துவிட்டது என்று காரணம் காட்டிக் குழந்தையின் இடத்தை ரத்து செய்து கடிதம் அனுப்பினார்கள். கட்டிய முன்பணத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் எனக்குக் காப்பகத்தின் மீது எந்தப் புகாரும் இல்லை என்று எழுதித்தர வேண்டும் என்றார்கள்.

இதே நிலையில் யாரேனும் இருந்தால் தாமதிக்காதீர்கள். காயத்தை அன்றே மருத்துவரிடம் காட்டி அளவும் இடமும் குறித்த அறிக்கை வாங்குங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையிடம் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், பெயர் சொல்லியும் கேட்காதீர்கள். சிறு குழந்தை பெரியவர்கள் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லிவிடக்கூடும். நாம் எடுத்துக்கொடுத்த சொல் அதன் வாயிலிருந்து வந்தால் உண்மையாகவே நடந்ததும் விசாரணையில் வலுவிழந்துபோகும். "இங்க என்ன ஆச்சு?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அது சொன்னதை மழலை மாறாமல் தேதி, நேரத்துடன் எழுதி வையுங்கள். "அக்கா டக்குனு இழுத்தா" என்று என் மகள் சொன்னது அப்படித்தான் என் குறிப்பில் இருக்கிறது. கண்காணிப்புக் கேமராப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி அன்றே எழுத்தில் கேளுங்கள், ஏனெனில் பழைய பதிவின் மேல் புதியது தானாகவே பதிந்துகொண்டே போகும். மற்றக் குழந்தைகளின் அந்தரங்கம் என்று சொல்லி எங்களுக்குக் காட்ட மறுத்தார்கள். மற்ற முகங்களை மறைத்துக் காட்டலாம், விசாரணை அதிகாரிகளிடம் முழுமையாகவே ஒப்படைக்கலாம். காப்பகம் தன்னைத்தானே விசாரித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உரிமம் வழங்கும் துறை, குழந்தைப் பாதுகாப்பு அலுவலகம், காவல்துறை ஆகியவற்றை நேரடியாக அணுகுங்கள். நிறுவனம் முதலில் தானே எல்லோரையும் விசாரித்துவிட்டால் சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் பதில்களைச் சரிசெய்துகொள்ள அதுவே வாய்ப்பாகிவிடும்.

என் முறையீட்டுடன் மருத்துவ அறிக்கையையும், மழை நாளின் படத்தையும், கொள்கைக் கோப்பின் அந்தப் பக்கத்தையும் இணைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தக் காப்பகத்தில் குழந்தைகளை விட்டிருந்த வேறு இரு குடும்பத்தினரும் தங்கள் அனுபவத்தைத் தனித்தனியே எழுதிக் கொடுத்துள்ளார்கள். முன்பணம் இன்னும் அவர்களிடமே இருக்கிறது. புகார் இல்லை என்ற கடிதத்தில் நான் கையெழுத்திடவில்லை, இடப்போவதும் இல்லை.