வெளிநாட்டில் வேலை செய்வோருக்கான வரி ஆலோசனை: திருகோணமலையில் ஒரு சேவை

துபாயில் வேலை பார்க்கும் என் தம்பிக்காக, உட்துறைமுக வீதிப் பக்கம் இயங்கும் ஒரு வரி ஆலோசனை நிலையத்தின் சேவையைப் பெற்றேன். அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் இங்கும் எதுவும் இல்லை என்றே பலர் நினைக்கிறார்கள். அங்கிருந்த அலுவலரோ முதலில் கடவுச்சீட்டை வாங்கி, குடிவரவு முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான வரி ஆண்டில் தம்பி இலங்கையில் நின்ற நாட்களைப் பென்சிலால் கூட்டினார். அது 183 நாட்களைத் தொட்டால் வரி நோக்கில் வதிவாளராக, அதாவது இலங்கையில் வசிப்பவராகக் கணிக்கப்படுவார் என்றும், வதியாதவராக இருந்தாலும் அவருடைய உவர்மலை வீட்டிலிருந்து வரும் வாடகையும் இங்குள்ள வங்கி வட்டியும் இலங்கை வருமானமே என்றும், வட்டியில் 2025 ஏப்ரல் முதல் 10 சதவீதம் வரியாக முன்கூட்டியே கழிக்கப்படுகிறது என்றும் பொறுமையாக விளக்கினார். இந்தத் தெளிவுக்காகவே கொடுத்த கட்டணம் தகும்.

விசா விடயத்தில் அதே அக்கறை இல்லை. அமீரகத்துக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் வதிவிட விசா பொதுவாகச் செல்லாமற்போகும் என்பதை நானே கேட்டுத்தான் அறிய வேண்டியிருந்தது. நீண்ட விடுமுறையில் வருபவருக்கு இதையல்லவா முதலில் சொல்ல வேண்டும்? பற்றுச்சீட்டும் இரண்டு தடவை கேட்ட பிறகே கிடைத்தது. வரிக்கு மட்டும் என்றால் தயங்காமல் போகலாம்.