மியூசிக் ஃபெஸ்டிவல் என்று சொல்லி 33,200 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: மேள செட்டுகள் கவனத்துக்கு

மதுரை, உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான் பக்கம் மேள செட் வைத்திருக்கிற எல்லோரும் இதைப் படித்துவிட்டு அடுத்த செட்டுக்கும் அனுப்புங்கள். கலைஞர்களுக்கு புரோகிராம் பிடித்துத் தருகிறோம் என்று ஆன்லைனில் கடை விரித்திருக்கும் ஒரு தளம், எங்கள் செட்டிடம் 33,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, நடக்கவே நடக்காத ஒரு விழாவுக்குத் தேதி கொடுத்திருக்கிறது. போன சனிக்கிழமைதான் அந்தத் தேதி. புகார் போயிருப்பதால் பெயரைப் போடவில்லை. நாளைக்கு வேறு பெயரில் வருவார்கள், ஏமாற்றும் விதம் இதேதான் இருக்கும்.

கொடைக்கானல் மலையில் ஒரு ரிசார்ட், இரண்டு நாள் மியூசிக் ஃபெஸ்டிவல், கிடார் பேண்டுகளுக்கு நடுவில் நம் நையாண்டி மேளம் ஒரு மணி நேரம். எட்டுப் பேருக்கு 90,000 ரூபாய், தங்க இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. இப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது.

தொகையைப் பார்த்து யாரும் மயங்கவில்லை. தளத்தின் சார்பில் பேசியவனுக்குத் தொழில் தெரிந்திருந்தது, அங்கேதான் நம்பிக்கை வந்தது. "நாயனம் சுருதி ரெண்டரைக் கட்டையாண்ணே? பேண்டுக்காரங்ககிட்ட சொல்லி கீபோர்டை அதுக்கு மாத்திக்கிடச் சொல்றேன். மலைக்குளிர்ல சுருதி இறங்கும், மேடை ஏறுறதுக்கு அரை மணி முன்னாடியே ஊதிச் சூடு பண்ணிருங்க" என்றான். குளிர்ந்த காற்றில் குழல் வாத்தியம் எதுவானாலும் சுருதி இறங்கும், உண்மை. மலை ஈரத்தில் தவில் தோல் தொய்யும், வார் இழுக்கவும் போல்ட் முடுக்கவும் நேரம் வேண்டும், அதுவும் உண்மை. அதையும் அவனே சொன்னான்.

மைக் விஷயத்தில் இன்னும் துல்லியம். தவில் இரண்டுக்கும் வலது முகமான வலந்தலையில் ஒன்று, இடது முகமான தொப்பியில் ஒன்று என நாலு மைக். பம்பைக்கு இரண்டு, உறுமிக்கு இரண்டு, தமுக்குக்கு ஒன்று, நாயனம் இரண்டுக்கும் ஆளுக்கொன்று. மொத்தம் பதினோரு சேனல். தாளத்துக்குத் தனி மைக் வேண்டாம், பக்கத்து மைக்கிலேயே ஏறிவிடும் என்றான். நாயனத்துக்கு, அடியில் விரிந்திருக்கும் அணசு வாயில் மைக்கைச் சொருகினால் காதைக் கிழிக்கும். விரல் துளைகளிலிருந்தும் சத்தம் வருவதால் ஒன்றரை இரண்டு அடி தள்ளி, துளைப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும். கோயில் திருவிழா மைக் செட்காரர்கள் பல பேருக்கு இன்னும் புரியாத விஷயம் இது. தவில்காரர் கேட்பதற்காக அவர் முன்னால் வைக்கும் ஸ்பீக்கரில் (மானிட்டர்) நாயனத்தை மட்டும் கொடுத்தால், மைக் ஊளையிடும் ஹவுலிங் குறையும் என்பது வரை எழுதி, மேடைப் படம் வரைந்து பிடிஎஃப் அனுப்பினான். இவ்வளவு மரியாதையாக நம் வாத்தியத்தைப் பற்றி யார் கேட்கிறார்கள்? அந்த மரியாதையை வைத்தே கழுத்தை அறுத்திருக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு செட்டிடம் கேட்டு வாங்கிய விவரம்தான் அது என்று இப்போது புரிகிறது.

அதன் பிறகு பணம். பதிவுக் கட்டணம் 5,000. வராமல் இருந்துவிடக் கூடாது என்பதற்காகத் திருப்பித் தரக்கூடிய டெபாசிட் 12,000. கடைசியாக, 90,000 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்று 16,200, "சம்பளத்தோட சேர்த்துத் திரும்ப வந்துரும்ணே". ஆக 33,200.

அந்த ஜிஎஸ்டி முழுப் பொய். நாட்டுப்புற இசை, சாஸ்திரிய இசை வாசிக்கும் கலைஞருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கூலி இருந்தால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. விளம்பரத் தூதராகப் போனால்தான் அது பொருந்தாது. டிடிஎஸ், அதாவது வருமான வரிப் பிடித்தம் என்று கேட்டாலும் அதேதான்: அது நமக்குத் தரும் பணத்தில் பிடித்துக்கொள்வது, நாம் முன்கூட்டிக் கட்டுவது இல்லை. ஆடிட்டரிடம் ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

காலம்காலமாக மேளக்காரருக்கு அச்சாரம் வைப்பது விழா நடத்துகிறவர்கள். வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். வாசிக்கப் போகிறவன் காசு கட்டுவது எந்த ஊர் வழக்கம்?

பணம் போன பிறகு பேச்சு மாறியது. முதலில் "அக்கவுண்ட்ஸ்ல இருக்குண்ணே". பிறகு "ஃபெஸ்டிவல் தள்ளிப்போகுது, ஏழு வேலை நாள்ல டெபாசிட் வரும் சார்". பிறகு வேறொரு பெண் குரல், மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார். பிறகு ஆளே இல்லை, மெஷின் பதில்: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எது தீர்ந்தது? 33,200 ரூபாய் எங்கே? ரிசார்ட்டுக்கு நேராகப் போன் செய்தால், அந்தத் தேதியில் அப்படி ஒரு புக்கிங்கே இல்லை என்கிறார்கள்.

இந்தத் தேதியை நம்பி இரண்டு ஊர்க் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வாங்கிய அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பங்குனியில் விட்ட தேதி விட்டதுதான், அந்த ஊர்க்காரர்கள் அடுத்த வருஷமும் வேறு செட்டைத்தான் கூப்பிடுவார்கள். எட்டு வீட்டு வருமானம். 33,200 கணக்கில் அது சேரவே இல்லை. இதற்கு மேல், பெயரும் போன் நம்பரும் போடாத பத்து நிமிஷ வீடியோ கேட்டு வாங்கினார்கள். அதைத் தங்கள் பக்கத்தில் ஏற்றி, இந்த விழாவில் வாசித்த குழு என்று போட்டு, அடுத்த செட்டுக்குத் தூண்டில் போடுகிறார்கள். அந்த வீடியோவைப் பார்த்து யாரும் நம்பிவிடாதீர்கள்.

சரிபார்க்க வேண்டியதை விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

காசு கேட்டால் அதோடு பேச்சை முடியுங்கள், திருப்பித் தருவேன் என்றாலும் சரி. விழா நடக்கும் இடத்துக்கு நீங்களே நம்பர் தேடிப் போன் செய்யுங்கள், அவர்கள் கொடுத்த நம்பர் வேண்டாம். திறந்தவெளியில் ஸ்பீக்கர் வைக்கப் போலீஸ் அனுமதி வேண்டும், அந்தக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். இவர்கள் அனுப்பிய நிகழ்ச்சி நிரலில் திறந்தவெளி மேடைக்கு இரவு 11 மணி போட்டிருந்தது. 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஸ்பீக்கருக்கே பொதுவாகத் தடை. கம்பெனி என்று சொல்லிவிட்டுத் தனி ஆள் பெயரில் யுபிஐ வந்தால் அனுப்பாதீர்கள். வீடியோ கொடுத்தால் செட் பெயரும் நம்பரும் படத்தின் நடுவில் ஓட வேண்டும்.

பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்குப் போன் அடியுங்கள். வாங்கியவன் கணக்கிலிருந்து எடுப்பதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வழி இருக்கும். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணையும் நேரத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர்களோடு பேசிய சாட் மெசேஜ்களை அழிக்காதீர்கள்.

இதே தளத்திடம் பணம் கட்டிய செட் வேறு இருந்தால் தயவுசெய்து நீங்களும் புகார் கொடுங்கள்.