பன்னிரண்டு வருடமாகக் கூடவே இருக்கும் சில ஜாஸ், ப்ளூஸ் ஆல்பங்கள்

பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களையும் கைமாற்றி வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து, அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசைகளான ஜாஸும் ப்ளூஸுமாக நூறு ஆல்பங்களுக்கு மேல் வாங்கியிருப்பேன். பலவற்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டேன், சிலவற்றை விற்றுவிட்டேன். கைக்கெட்டும் தட்டில் இன்று இருப்பவை பத்துக்கும் குறைவு. அவற்றை ஒருநாள் அடுக்கி வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. எதிலுமே ஐந்து பேருக்கு மேல் கிடையாது. சிலவற்றில் மூன்று பேர், ஒன்றில் ஒரே ஒருவர்.

பெரிய பேண்ட் இசை எனக்குப் பிடிக்கும். ஆனால் பத்தாவது தடவை கேட்கும்போது அதில் புதிதாக எனக்கு அதிகம் கிடைப்பதில்லை. ஆள் குறைவாக இருந்தால் ஒவ்வொருவரையும் தனியாகப் பின்தொடரலாம். கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்தால், மிருதங்கக்காரர் பாடகரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தெரியும் இல்லையா, அந்த மாதிரி. யார் யாரைக் கவனிக்கிறார்கள் என்பது கேட்கும். வருடக்கணக்கில் ஓர் ஆல்பத்தோடு இருக்க முடிவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இந்தத் தட்டில் அதிகம் தேய்ந்தது பில் எவன்ஸ் ட்ரையோவின் ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’. பியானோவில் பில் எவன்ஸ், டபுள் பேஸ் என்ற ஆள் உயரத் தாழ்சுரக் கம்பி வாத்தியத்தில் ஸ்காட் லஃபாரோ, ட்ரம்ஸில் பால் மோஷன். 1961 ஜூன் 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் என்ற நிலத்தடி கிளப்பில் மதியமும் இரவுமாக ஐந்து சுற்று வாசித்தார்கள். ரிவர்சைட் நிறுவனம் அன்று பதிவு செய்ததிலிருந்துதான் இந்த ஆல்பம் வந்தது.

முதல் வருடம் முழுக்க நான் பியானோவை மட்டுமே கேட்டேன். ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’ தொடங்கியதும் மற்ற இருவரும் இருப்பதே மறந்துபோகும். பின்னால் கண்ணாடி டம்ளர்கள் இடிபடும் சத்தம், யாரோ பேசும் குரல், நடுவில் ஒரு சிரிப்பு எல்லாம் விழும். அப்போது அது எரிச்சலாக இருந்தது. இவ்வளவு அழகான வாசிப்பு நடக்கும்போது எப்படிப் பேச முடிகிறது என்று கோபம்கூட வந்தது.

மூன்றாவது வருடம் வாக்கில் ஒரு மழை இரவு. வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள், ஒலியை மிகக் குறைவாக வைத்திருந்தேன். ‘மை ரொமான்ஸ்’ ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென்று பேஸ் மட்டும் காதில் விழ ஆரம்பித்தது. பொதுவாக ஜாஸில் பேஸ் வாசிப்பவர் ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, நான்கு அடி என்று நிதானமாக நடந்துகொண்டே இருப்பார், மற்றவர்கள் அதன்மேல் விளையாடுவார்கள். லஃபாரோ அப்படி நடக்கவில்லை. பியானோ ஒரு வாக்கியத்தை முடிக்கும் இடத்தில் உள்ளே வருகிறார், மேல் ஸ்தாயிக்கு ஏறி ஒரு பதில் சொல்கிறார், உடனே ஒதுங்கிவிடுகிறார். எவன்ஸும் அவருக்கு வழி விடுகிறார். துணை வாத்தியம் என்ற பேச்சே அங்கு இல்லை, இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். அந்த இரவுக்குப் பிறகு இது எனக்கு வேறு ஆல்பம்.

அதற்கப்புறம்தான் பதிவின் கதையைப் படித்தேன். அன்று வாசித்துப் பதினோரு நாளில், ஜூலை 6 அன்று, கார் விபத்தில் லஃபாரோ இறந்துவிட்டார். வயது 25. எவன்ஸ் பல மாதங்கள் மேடை ஏறவில்லை. அதே நாள் பதிவுகளிலிருந்து முதலில் வெளியான ‘சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்’ ஆல்பத்துக்கு, லஃபாரோவின் வாசிப்பு மேலோங்கித் தெரியும் பாடல்களாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அது தொடங்குவதும் முடிவதும் அவர் இயற்றிய உருப்படிகளில். மீதியிலிருந்து ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ வந்தது. தெரிந்த பிறகு அந்த டம்ளர் சத்தம்கூட வேறாகிவிட்டது. அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது சாதாரண ஞாயிற்றுக்கிழமை. இப்போது அந்தச் சத்தம் இல்லாமல் இந்த ஆல்பத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது.

மோஷனிடம் வந்து சேர இன்னும் நாலைந்து வருடம் ஆனது. ட்ரம்ஸை வருட அவர் வைத்திருக்கும் கம்பிக் கற்றையான பிரஷ் பெரும்பாலும் தாளம் தட்டுவதில்லை, மணலில் கை அளைவது போல ஒரு சலசலப்பு மட்டும். இப்போது நான் முதலில் தேடுவது அதைத்தான். ஒரு யோசனை: மாற்றுப் பதிவுகளைச் சேர்த்து வெளியிட்ட பதிப்புகள் நிறைய இருக்கின்றன. ஒரே பாட்டு அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் ஓட்டம் கெட்டுவிடுகிறது. முதல் சில மாதங்களுக்கு மூல ஆல்பத்தின் ஆறு பாடல்களை மட்டும் அதே வரிசையில் கேளுங்கள்.

அடுத்தது ப்ளூஸ். மட்டி வாட்டர்ஸின் ‘ஃபோக் சிங்கர்’. 1963 செப்டம்பரில் சிகாகோவில் பதிவாகி 1964இல் செஸ் நிறுவனம் வெளியிட்டது. மட்டி வாட்டர்ஸ் மிசிசிப்பி டெல்டாவின் பருத்தித் தோட்டத்தில் வளர்ந்தவர். 1943இல் சிகாகோவுக்குப் போய், அங்கே எலெக்ட்ரிக் கிடாரில் ப்ளூஸை உரக்கப் பாடிப் பெயர் வாங்கினார். அந்த நேரத்தில் அமெரிக்க இளைஞர்களிடையே நாட்டுப்புறப் பாட்டு மோகம் பரவியிருந்ததால், மின்சாரத்தை விட்டுவிட்டு மரக் கிடாரோடு ஓர் ஆல்பம் செய்தார்கள். கூட இருந்தவர்கள் கிடாரில் பட்டி கை, பேஸில் வில்லி டிக்சன், ட்ரம்ஸில் க்ளிஃப்டன் ஜேம்ஸ். பட்டி கைக்கு அப்போது வயது 27.

இந்த ஆல்பத்தை ஒலிக்கருவி விற்பவர்கள் ஸ்பீக்கரைச் சோதித்துக் காட்டப் போடுவார்கள். நானும் ஒரு கடையில் அப்படித்தான் முதலில் கேட்டேன். பதிவு அவ்வளவு தெளிவு. குரல் எழும்பி சுவரில் பட்டுத் திரும்புவதுகூடக் கேட்கும். ஆனால் சோதனைக்கான ஆல்பம் என்று முத்திரை குத்தி வைத்துவிட்டால் பெரிய நஷ்டம்.

முதல் பாட்டு ‘மை ஹோம் இஸ் இன் த டெல்டா’. அதில் ஒரே ஓர் இடத்தைச் சொல்கிறேன். மட்டி ஒரு வரியைப் பாடி நிறுத்துகிறார். உடனே யாரும் உள்ளே வருவதில்லை. ஒரு மூச்சு நேரம் வெறும் அறை. பிறகு கிடாரின் ஒற்றைக் கம்பி சிணுங்குகிறது, அதன் பின்னால் டிக்சனின் பேஸ் ஒரே ஓர் அடி. அப்புறம்தான் மறுபடி குரல். ஒரு வரியைப் பாடி, அதையே திருப்பிப் பாடி, மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்வது ப்ளூஸின் பழைய அமைப்பு. மட்டியிடம் அந்த வரிகளுக்கு இடையில் விடும் இடைவெளிக்குத்தான் கனம் அதிகம். அவசரப்படுகிற ஒருவர் அந்த நால்வரில் கிடையாது. கடைசிப் பாட்டில் மற்றவர்கள் விலகிக்கொள்ள, மட்டி மட்டும் தன் கிடாரோடு, வீட்டுக்குப் போக வேண்டும் போலிருக்கிறது என்று பாடி முடிப்பார். இருபது வருடத்துக்கு முன் விட்டுவந்த ஊரை நினைத்து ஒரு நடுத்தர வயது மனிதர் பாடுவது. ஊரை விட்டு வந்த எவருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படாது.

இதை மெதுவாக வைத்துக் கேட்டால் பயனில்லை. குரலின் ஏற்ற இறக்கம் மிக அதிகம், முணுமுணுப்பிலிருந்து சட்டென்று முழங்கும். பகலில், கதவைச் சாத்திக்கொண்டு, கொஞ்சம் தாராளமாகவே ஒலியைக் கூட்டுங்கள்.

பாடகிகளில் ஒரே ஓர் ஆல்பம் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் சாரா வானின் ‘ஆஃப்டர் ஹவர்ஸ்’ எடுப்பேன். இதுவும் 1961தான். மண்டல் லோவின் கிடார், ஜார்ஜ் டுவிவியேயின் பேஸ், அவ்வளவுதான். பியானோ கிடையாது, ட்ரம்ஸ் கிடையாது. சாரா வான் சிறு வயதில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர், பியானோவும் நன்றாகத் தெரியும். அதனாலோ என்னவோ, அந்த இரண்டு வாத்தியங்கள் விடும் இடத்தைக் குரலாலேயே நிரப்புகிறார். ‘எவ்ரிடைம் வி சே குட்பை’ பாடும்போது ஒரு சொல்லின் நடுவில் கீழ் ஸ்தாயிக்கு வழுக்கி இறங்குவார் பாருங்கள், சுரத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே போவது போல இருக்கும். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இறக்கம் உடனே பிடித்துவிடும். குரல் வளத்தை அவர் அளவுக்கு மீறிக் காட்டுகிறார் என்று சொல்பவர்கள் உண்டு. பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு பாடிய ஆல்பங்கள் சிலவற்றில் எனக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது. இதில் அப்படி ஓர் இடம்கூட இல்லை.

‘ஜான் கோல்ட்ரேன் அண்ட் ஜானி ஹார்ட்மன்’ ஆல்பத்தை எனக்குத் தெரிந்து யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. 1963 மார்ச் 7 அன்று நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் பதிவானது. ஆறே பாட்டு, மொத்தம் அரை மணி நேரம். கோல்ட்ரேன் அந்தக் காலத்தில் சாக்சபோனில் பாட்டுக்கு இருபது நிமிடம் புயலாக வாசித்துக்கொண்டிருந்தவர். இங்கே ‘மை ஒன் அண்ட் ஒன்லி லவ்’ பாட்டில் மெட்டை மட்டும் முழுதாக, ஓர் அலங்காரமும் இல்லாமல் வாசித்துவிட்டு நிறுத்துகிறார். அதற்கே இரண்டு நிமிடம் ஆகிறது, அப்புறம்தான் ஹார்ட்மனின் கனத்த குரல் வருகிறது. சாக்சபோன் விட்ட இடத்தில் அதே மூச்சை அவர் வாங்கிக்கொண்டது போல இருக்கும். இந்த ஆல்பத்தை நான் அடிக்கடி போடுவதில்லை. பின்னணியில் ஓடவிட்டால் வெறும் இனிமையான பாட்டாகச் சுருங்கிவிடும். வருடத்துக்கு ஏழெட்டு முறை, உட்கார்ந்து கேட்க வேண்டியது.

ஒரே ஒருவர் என்று சொன்னேனே, அவர் மிசிசிப்பி ஜான் ஹர்ட். 1928இல் ஓகே நிறுவனத்துக்குச் சில பாடல்கள் பாடினார். பிறகு பொருளாதார வீழ்ச்சி வந்தது, அவரும் அவலான் என்ற சின்ன ஊரில் விவசாய வேலைக்குத் திரும்பிவிட்டார். 35 வருடம் யாரும் தேடவில்லை. அந்தப் பழைய இசைத்தட்டுகளில் ஒன்றில் அவலான்தான் என் ஊர் என்று அவர் பாடியிருந்ததைத் துப்பாக வைத்துக்கொண்டு 1963இல் ஒரு ரசிகர் அந்த ஊருக்கே போய்க் கண்டுபிடித்தார். அதன் பிறகு மூன்று வருடம் ஊர் ஊராகப் பாடி, 1966 நவம்பரில் இறந்தார். ‘டுடே!’ என்ற ஆல்பம் அந்த வருடம்தான் வெளிவந்தது.

கிடாரில் கட்டைவிரல் பேஸ் கம்பிகளில் மாறி மாறித் தாளம் வைத்துக்கொண்டே இருக்க, மற்ற விரல்கள் பாட்டை வாசிக்கும். இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றே நான் முதலில் நினைத்தேன். குரல் உயர்வதே இல்லை. ஒருமுறை இதைப் போட்டபோது அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். “யாருப்பா இந்தப் பெரியவர்? நம்ம வீட்டுத் திண்ணையில உக்காந்து பாடற மாதிரி இருக்கு” என்றார். வார்த்தை ஒன்றும் அவருக்குப் புரிந்திருக்காது. ‘லூயிஸ் காலின்ஸ்’ வந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டார். கொலையுண்ட ஒருவனுக்காகத் தாய் அழும் பாட்டு அது என்று பிறகு சொன்னேன். “அது தெரியுது” என்றார். ப்ளூஸ் புதிது என்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

‘ஆர்ட் பெப்பர் மீட்ஸ் த ரிதம் செக்ஷன்’ பற்றிச் சுருக்கமாக. 1957 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில், ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் இருந்த பியானோ, பேஸ், ட்ரம்ஸ் கலைஞர்களோடு ஆர்ட் பெப்பர் ஆல்டோ சாக்சபோன் வாசித்தது. காண்டெம்பொரரி நிறுவனம் பார்சல் அனுப்பும் அறையையே ஸ்டூடியோவாகப் பயன்படுத்திப் பதிவு செய்தது. சத்தம் இன்றைக்கும் புத்தம் புதிதாக இருக்கிறது. சாக்சபோன் ஒரு பக்கமும் மற்ற மூவர் மறுபக்கமுமாகப் பிரிந்து வரும் என்பதால் ஹெட்ஃபோனில் உறுத்தும், ஸ்பீக்கரில் கேளுங்கள். இதன் இசைத்தட்டை இணையத்தில் ஒருவரிடம் வாங்கி, தோசைக்கல்லில் விட்ட அப்பளம் போல வளைந்து வந்து, பணமும் திரும்பவில்லை. அதன்பிறகு பழைய இசைத்தட்டு என்றால் நேரில் பார்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். இந்த ஆல்பங்களுக்கு சிடி போதும்.

தட்டிலிருந்து இறங்கியவை பற்றியும் சொல்ல வேண்டும். ஒலிக்கருவியைச் சோதிப்பதற்கென்றே மெருகேற்றிய, மைக்குக்கு மிக அருகில் மூச்சு விட்டுப் பாடும் பாடகிகளின் ஆல்பங்கள் குறைந்தது பத்து வாங்கியிருந்தேன். முதல் வாரம் மயக்கியது, ஆறாம் மாதம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. செட் பேக்கர் பாடிய 1954 ஆல்பம் இருபதுகளில் எனக்கு உயிர். இப்போது அந்தக் குரலின் சோர்வு என்னை வெளியே நிறுத்திவிடுகிறது. அது அவர் குறை அல்ல, என் வயது மாறிவிட்டது. ஆனாலும் கொடுத்துவிட மனம் வரவில்லை, மேல் தட்டில் இருக்கிறது.

இரண்டு வருடமாக ஓர் ஆல்பம் பரிசோதனையில் இருக்கிறது: கசாண்ட்ரா வில்சனின் ‘ப்ளூ லைட் டில் டான்’, 1993. மிசிசிப்பியில் பிறந்த ஜாஸ் பாடகி அவர். ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936இல் சான் அன்டோனியோவில் தனியாகக் கிடாரோடு பாடிய ‘கம் ஆன் இன் மை கிச்சன்’ பாட்டை எடுத்துத் தன் தாழ்ந்த குரலில் வேறு ஏதோ ஆக்கியிருக்கிறார். இதே தட்டில் இருக்கும் ஜாஸும் ப்ளூஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது அதில் நன்றாகக் கேட்கிறது. ஆல்பத்தின் முதல் பாட்டில் குரலுக்குக் கிடாரும் வயலினும் மட்டும் துணை. அந்த வயலின் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. சில இரவுகளில் குரலைத் தேடிப் போகிறது, சில இரவுகளில் தன்பாட்டுக்குத் தனியாக நிற்கிறது. நேற்று இரவும் அதற்காகவே போட்டேன்.