ஐடிஎன்ஏ 2003-ஆ, 2008-ஆ?

ஐடிஎன்ஏ என்பது ஆங்கிலம் அல்லாத எழுத்துகளிலும் டொமைன் பெயர் (இணைய முகவரி) வைக்க உதவும் விதிமுறை; 2003, 2008 அதன் இரண்டு பதிப்புகள். எதை எடுப்பது? பன்மொழி டொமைன் பெயர்களைக் கையாள நிரல் எழுதுபவர்கள் இன்றும் தடுமாறும் கேள்வி இது.

பெரிய எழுத்து: 2003 தானாகவே சிறிய எழுத்தாக்கிவிடும். 2008 ஏற்காது, மாற்றித் தருவது உங்கள் நிரலின் வேலை.

சிறப்பு எழுத்து: சிக்கலே இங்கேதான். ஜெர்மன் மொழியில் தெருவைக் குறிக்கும் 'ஸ்ட்ராசே'வில் வரும் எஸ்ட்செட் (ß) எழுத்தை 2003 இரண்டு 'எஸ்' ஆக்கிவிடும். 2008-ல் அது தனி எழுத்து. ஜெர்மனியின் .de முகவரிகளைப் பதிவு செய்யும் டெனிக் அமைப்பு 2010 நவம்பரில் அதை அனுமதித்தது. அப்புறம், ஒரே முகவரியைத் தட்டினாலும் நிரலைப் பொறுத்து வேறு வேறு தளத்துக்குப் போக வாய்ப்பு வந்துவிட்டது. வங்கித் தளமாக இருந்தால்? விளையாட்டில்லை.

குறிகள்: பனிமனிதன் (☃) போன்ற படக்குறிகள் 2003-ல் நுழையும், 2008-ல் நுழையாது.

புதிதாக எழுதினால் 2008-ஐயே எடுங்கள். பயனர் தட்டியதை யூனிகோடு அமைப்பு வகுத்த யூடிஎஸ் 46 முறையில் முதலில் சிறிய எழுத்தாக்குங்கள், எஸ்ட்செட்டைத் தொடாதீர்கள். பழைய இணைப்புகளை வாசிக்கும் கருவிக்கு மட்டும் 2003 சரி.