ஸ்ப்ரெட் ஆர்டர் ஏன் பெண்டிங்கிலேயே நிற்கிறது? பேஸ்கெட் பயன்படுத்திய அனுபவம்

கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு சில வருடங்களாக நிஃப்டி இண்டெக்ஸிலும் ஒன்றிரண்டு பங்குகளிலும் ஆப்ஷன் ஸ்ப்ரெட் போட்டு வருகிறேன். குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ தரும் உரிமைதான் ஆப்ஷன்; ஒன்றை வாங்கி இன்னொன்றை விற்பது ஸ்ப்ரெட். புரோக்கர் ஆப்பில் உள்ள பேஸ்கெட் ஆர்டர்தான் என் அன்றாடக் கருவி. இண்டெக்ஸுக்கு அருமையான வசதி. பங்கு ஆப்ஷனுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காரணம் இதுதான். அமெரிக்கச் சந்தையில் ஸ்ப்ரெட்டை ஒரே ஆர்டராக, ஒரே நிகர விலைக்குப் போடலாம். நடந்தால் இரண்டு லெக்கும் (வாங்குவதும் விற்பதும்) நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது. நம் பேஸ்கெட் அப்படி இல்லை. இரண்டு தனி ஆர்டர்களை அடுத்தடுத்து அனுப்பும், அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்சுக்கு அவை இரண்டும் ஒரே ஆளுடைய ஸ்ப்ரெட் என்பதே தெரியாது.

மன்னார்குடியிலிருந்து தெரிந்த தம்பி ஒருவர் போனில் கூப்பிட்டார். ஒரு பங்கில் புல் கால் ஸ்ப்ரெட் போட்டிருந்தார், அதாவது பங்கு ஏறும் என்று குறைந்த ஸ்ட்ரைக் (ஆப்ஷனில் குறித்த விலை) கால் (வாங்கும் உரிமை) வாங்கி, அதிக ஸ்ட்ரைக் கால் விற்பது. "அண்ணே, பதினோரு ரூபாதான் காட்டுது, அதே விலைக்குத்தான் போட்டிருக்கேன். காலைலேர்ந்து அப்படியே நிக்குதுண்ணே." மார்க்கெட் டெப்த்தை (வாங்கவும் விற்கவும் காத்திருக்கும் விலைகளின் பட்டியல்) திறந்து படிக்கச் சொன்னேன். வாங்கும் ஸ்ட்ரைக்கில் கடைசி விலை 23, பிட் (வாங்குபவர் தரும் விலை) 22, ஆஃபர் (விற்பவர் கேட்கும் விலை) 24. விற்கும் ஸ்ட்ரைக்கில் கடைசி விலை 12, பிட் 11, ஆஃபர் 13.50. அவர் 23-இல் 12-ஐக் கழித்து 11 என்று வைத்துக்கொண்டார். உடனே வேண்டுமென்றால் 24-க்கு வாங்கி 11-க்கு விற்க வேண்டும், அதாவது 13. திருவையாறு மண்டியில் நேற்று ஒரு வாழைத்தார் போன விலைக்கு இன்றைக்கும் வியாபாரி எடுப்பார் என்று யாரும் நம்புவதில்லையே, கடைசி விலையும் அதே கதைதான். அந்த 12 ரூபாய் வியாபாரம் எப்போது நடந்தது என்று டெப்த்திலேயே நேரம் போட்டிருக்கும், பாருங்கள்.

சரி, பொறுமையாகக் காத்திருந்தால் ஆகாதா? இங்கேதான் பலரும் கவனிக்காத இடம் இருக்கிறது. இரண்டுமே கால் ஆப்ஷன், ஒரே பக்கம்தான் நகரும். பங்கு ஏறினால் 12-க்கு வைத்த விற்பனை நடந்துவிடும், 23-க்கு வாங்க வேண்டியது எட்டாமல் ஓடிவிடும். இறங்கினால் வாங்கியது கைக்கு வரும், விற்க வேண்டியது நின்றுவிடும். இதில் முதலாவது ஆபத்தானது. பாதுகாப்பில்லாத கால் விற்பனை கையில் நிற்கும், முழு மார்ஜினும் (ஈடாக வைக்க வேண்டிய பணம்) கேட்கும். கணக்கில் அவ்வளவு பணம் இல்லையென்றால் விற்கும் லெக் அனுப்பிய உடனேயே ரிஜெக்ட் ஆகும். பேஸ்கெட் காட்டும் குறைந்த இறுதி மார்ஜின், வாங்கும் லெக் நடந்து முடிந்த பிறகுதான் பொருந்தும்.

நிஃப்டியில் பக்கத்து ஸ்ட்ரைக்குகளில் இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை, பிட்டுக்கும் ஆஃபருக்கும் இடையே சில பைசாதான் இருக்கும். பேங்க் நிஃப்டி வார ஆப்ஷன் 2024 நவம்பரில் நின்றதிலிருந்து, மாத ஆப்ஷனின் தொலைவு ஸ்ட்ரைக்குகளில் டெப்த் பார்க்காமல் நான் ஆர்டர் போடுவதில்லை. பங்கு ஆப்ஷனில் டெலிவரி (முடிவில் பங்கையே கொடுப்பது, வாங்குவது) கட்டாயம் என்பதால் எக்ஸ்பைரி (ஆப்ஷன் முடியும் நாள்) நெருங்க நெருங்க மார்ஜின் கூடும், அந்த நாட்களில் புதிதாக இறங்கவே மாட்டேன்.

பங்குகளில் என் வழக்கம் இது. அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பேன் என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வேன். இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் இடைவெளி 20 என்றால், 11-க்குக் கிடைத்தால் அதிகபட்ச லாபம் 9, 13 கொடுத்தால் 7 தான். நிகர விலை 12-க்கு மேல் போனால் எனக்கு ஒத்துவராது. வாங்கும் லெக்கை பிட்டுக்கும் ஆஃபருக்கும் நடுவிலைக்குப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன். அது நடந்த அப்புறம்தான் விற்கும் லெக். ஏற்றும்போதே நிகர விலை 12-ஐத் தாண்டினால் ஆர்டரை ரத்து செய்துவிட்டு வேறு ஸ்ட்ரைக் பார்ப்பேன். தம்பியும் அன்றைக்கு ரத்துதான் செய்தார்.

ஆப் நடத்துபவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன். பேஸ்கெட் திரையில் கடைசி விலையை மட்டும் காட்டாமல், வாங்கும் லெக்கின் ஆஃபரிலிருந்து விற்கும் லெக்கின் பிட்டைக் கழித்து இப்போது உண்மையில் கிடைக்கும் நிகர விலையைக் காட்டுங்கள்.